செங்கல் அம்மனுக்குக் கூரை வேண்டாம்

செபஸ்தியான் சார் இறந்த செய்தி வந்தபோது நான் தேர்வு அறையில் கண்காணிப்பில் இருந்தேன். அலுவலக உதவியாளர் கதவருகே வந்து, "மேடம், நம்ம பி.டி. சார் தவறிட்டாரு" என்று கிசுகிசுத்தார். மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கும்படியே வாழ்நாளெல்லாம் பேசிய மனிதரைப் பற்றி இவ்வளவு மெல்லிய குரலில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

உங்களில் பலருக்கு அவர் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். எனக்கு அவர் பழந்துறைமுகப் பாதுகாப்புக் குழுவின் தலைவர். வரலாற்றுத் துறையில் இருந்த குற்றத்துக்காக நான் செயலாளர். உறுப்பினர் எவரும் கிடையாது. "உறுப்பினர் இருந்தாத்தான் மேடம் சண்டை வரும்" என்பார்.

காரைக்கால்மேட்டை ஒட்டிய மணல்மேட்டை ஒரு புயல் அறுத்தபோது அகலமான செங்கற்களால் ஆன சுவர் ஒன்று வெளியே வந்தது. கோவில்பத்து வீட்டிலிருந்து தினமும் அங்கே ஓடப் போகிற சார்தான் முதலில் அதில் இடறி விழுந்தார். மறுநாள் அது பழைய வணிகத் துறைமுகம் என்று என்னிடம் அறிவித்தார். பிரெஞ்சுக்காரர் காலத்துக் கிடங்காகவும் இருக்கலாம் என்றேன். "இருக்கட்டுமே மேடம். எதுவா இருந்தாலும் இடிச்ச பொறவு கண்டுபிடிக்க முடியாதுல்ல?" தோண்டிப் பார்க்க யாராவது வரும்வரை சுவர் சுவராக இருக்கவேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

நான் தொல்லியல் துறைக்கு மனு எழுதினேன். அது பரிசீலனைக்குப் போயிற்று. அதற்குள் ஊரார் வீட்டுக்குச் செங்கல் பெயர்த்துப் போகத் தொடங்கினார்கள். யாரும் உள்ளே வராதிருக்க, சார் கால்பந்து மைதானத்தின் நான்கு சிவப்பு மூலைக்கொடிகளைக் கொண்டுபோய்ச் சுவரைச் சுற்றி நட்டார். இடம் காக்க ஒரு விளையாட்டு ஆசிரியருக்கு வேறென்ன தோன்றும்? மறுநாள் காலையில் சுவருக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, விளக்கும் ஏற்றியிருந்தது.

விளக்கேற்றியவர் மீன் விற்கும் பார்வதி அக்கா. முதல் நாள் எஞ்சின் நின்று கடலில் மாட்டிக்கொண்ட அவர் மகனின் படகு, கொடி நட்ட நேரத்தில் கரை சேர்ந்ததாம்.

"அக்கா, அது ஃபுட்பால் கொடி."

"எந்தக் கொடியா இருந்தா என்ன சார், அம்மா ஏத்துக்கிட்டா."

செங்கல் அம்மன் வந்தபின் ஒரு கல்லும் திருட்டுப் போகவில்லை. என் மனுவைவிட மஞ்சள் சக்தி வாய்ந்தது என்று சார் என்னிடமே சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. அம்மனுக்குக் கான்கிரீட் கொட்டகை போட ஊர் முடிவெடுத்தது. தூண் குழிகளுக்குக் குறித்த இடம் சுவரின் நடுவிலேயே வந்தது.

ஊர்க் கூட்டத்தில் சார் பேசினார். மிளகும் மணியும் ஏற்றிக்கொண்டு இங்கிருந்து ரோமாபுரிக்குப் போன கப்பல்களைப் பற்றி உருக்கமாகச் சொன்னார். ஒரு பெரியவர் கையைத் தூக்கினார்.

"போன கப்பலு திரும்பி வந்துச்சுங்களா?"

"வந்திருக்கும்ங்க."

"மறுபடி வந்தா பாத்துக்கலாம் சார். இப்ப அம்மா வெயில்ல நிக்கிறா."

கூட்டம் சிரித்தது. சார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அம்மாகிட்டயே கேட்டுருவோம். பூக் கட்டிப் பாருங்க. வெள்ளை வந்தா கூரை வேணாம். செவப்பு வந்தா மொத சட்டி சிமெண்ட்ட நானே தூக்குறேன்" என்றார்.

அவரைத் தனியே இழுத்தேன். "சார், வெளையாடுறீங்களா?"

"எனக்குத் தெரிஞ்ச தொழில் அதானே மேடம்."

பார்வதி அக்கா இரண்டு பூக்களை இரண்டு பொட்டலமாகக் கட்டி அம்மன் முன் வைத்தார். எடுப்பது யார் என்று தகராறு வந்தது. "டீச்சரம்மா எடுக்கட்டும். அவங்களுக்குத்தான் எந்தச் சாமியும் கெடயாதே" என்றார் பார்வதி அக்கா. ஊர் முழுக்க அதை ஒப்புக்கொண்டது. சார் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். நான் ஒன்றை எடுத்தேன். வெள்ளை. சார் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஆட்டம் முடிந்ததுபோல் நீளமாக ஊதினார். மற்ற பொட்டலத்தைப் பார்வதி அக்கா பிரிக்காமலே கடலில் விட்டார்.

"ரெண்டுலயும் வெள்ளைதானே சார்?" என்று பிறகு பலமுறை கேட்டிருக்கிறேன். "சத்தியமா நான் எதுவும் பண்ணல மேடம்" என்பார். நான் நம்பியதே இல்லை.

கல்லறைத் தோட்டத்துக்குப் பார்வதி அக்கா வந்திருந்தார். மண் போட்டுத் திரும்பும்போது அதே கேள்வியை அவரிடம் கேட்டேன்.

"ரெண்டும் வெள்ளதான். நாந்தான் வச்சேன்."

"சார் சொல்லியா?"

"அவருக்கு என்னா தெரியும்? பாவம், வேர்த்து ஒழுகிக்கிட்டு நின்னாரு. கொட்டாய் போட்டா இந்த ஆம்பளைங்க சீட்டுக்கட்டோட வந்து குந்திடுவாங்க டீச்சரம்மா. அப்பறம் பொம்பளைங்க நாங்க எங்க போயி அம்மாகிட்ட பேசுறது?"

சிரித்துவிட்டேன். பங்குத்தந்தை திரும்பிப் பார்த்தார்.

ஆக, அவர் சொன்னது உண்மை. சிவப்பு வந்திருந்தால் அந்த மனிதர் சிமெண்ட் சட்டியைத் தூக்கியிருப்பார். தான் ஆசைப்பட்ட ஒன்றை, அதன் பக்கத்தில் வாழ்கிறவர்கள் முன் வைத்துக் கேட்டுவிட்டு, வந்த பதிலுக்குக் கட்டுப்பட நின்ற அந்தத் துணிவுதான் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது. சுவர் வெயிலில் அப்படியே இருக்கிறது. அது துறைமுகம்தானா என்ற சந்தேகமும் எனக்கு அப்படியே இருக்கிறது. அடுத்த மனு தயார். அனுப்புமுன் பார்வதி அக்காவிடம் வாசித்துக் காட்டப் போகிறேன். அவர் வேண்டாமென்றால் கிழித்துப்போட எனக்கு மனம் வருமா, தெரியவில்லை. சாருக்கு வந்திருக்கும்.