நான்கு பச்சைப் பலகைகள்

பிள்ளைகளா, போன தீபாவளியன்று பெரியப்பா நம் வீட்டுப் படியேறி வந்தபோது, அவருக்குப் பின்னால் நீங்கள் இரண்டு பேரும் அவரைப் போலவே ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து காட்டினீர்கள். பெரியப்பா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "இன்னும் கொஞ்சம் சாய்ச்சு நடக்கணும்டா, அப்பத்தான் சரியா வரும்" என்று சொல்லிக்கூடக் கொடுத்தார். நான்தான் எழுந்து வந்து உங்களை அடித்தேன். பண்டிகை நாளில் அடித்தது தப்பு. ஏன் அடித்தேன் என்று அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. பேச ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம், பட்டணத்தில் மூன்று வருஷம், அவ்வளவுதான் என் படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. உங்களில் பெரியவளுக்குப் பல்லே முளைக்கவில்லை, சின்னவன் பிறக்கவே இல்லை. ஈப்போ ரயில் நிலையத்துக்குப் பின்னால், வெளிநாட்டுச் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு சீனரின் அலுவலகத்தில் நான் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்தேன். மூன்று மேசை, ஒரு டைப்ரைட்டர், மேலே கிறீச்சிடும் ஒரு காற்றாடி. வந்த சரக்கு என்ன என்று பாரத்தில், அதாவது சுங்கப் படிவத்தில், எழுதுவதுதான் என் வேலை. கேட்க எளிது. ஆனால் சுங்கத்தின் வரிப் புத்தகத்தில் உலகத்தில் உள்ள எல்லாப் பொருளுக்கும் ஒரு தலைப்பு உண்டு. நம் சரக்கு எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். முதுகில் ஓட்டை வைத்த பீங்கான் யானை ஒன்று வந்தது. அது பொம்மையா, பூச்சட்டியா என்று ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். தலைப்பு மாறினால் வரி மாறும். சில தலைப்புகளுக்கு வேறு இலாகாவின் அனுமதிக் கடிதமும் வேண்டும். பதினோரு வருஷம் அந்தப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறேன். கனவிலும் புரட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தாலே கண் எரிகிறது.

நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டம் சுங்காய்ப் பக்கம். ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துச் செம்பனை வைத்தார்கள். பிறகு அங்கேயே ஓர் எண்ணெய் ஆலையும் வந்தது. நான் ஈப்போவுக்கு வந்துவிட்டேன், பெரியப்பா அங்கேயே நின்றுவிட்டார். அவருக்கு பாய்லர் வேலை. ஆலைக்குப் பின்புறம், தனியாக, நாள் முழுக்க நெருப்புக்கு முன்னால். ஆலை ஓடும்போது பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் காதில் விழாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நெருப்பை விட்டுவிட்டு அலுவலகம்வரை நடக்க வேண்டும்.

அதற்காகத்தான் ஆலைக்காரர்கள் ஜப்பானிலிருந்து ஒரு செட் வரவழைத்தார்கள். அலுவலகத்தில் ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு மைக். ஆலைக்குள் நான்கு இடங்களில் புனல் ஸ்பீக்கர். எல்லாம் ஒரே வயரில் இணைந்தவை. அலுவலகத்தில் பேசினால் நான்கிலும் கேட்கும். அதோடு, புனலுக்குக் கீழே தொங்கும் கயிற்றை இழுத்துப் பிடித்துப் பேசினால், அதே புனல் நம் குரலை வாங்கி அலுவலகத்துக்குக் கொண்டுபோகும். பெரியப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, எங்க பெட்டி உங்க ஆபீஸ் வழியாத்தான் வருதாம்ல? சீக்கிரம் எடுத்துக் குடுடா."

"வந்ததும் எடுத்துருவேண்ணே."

"இத்தனை வருசமா அவனுங்க கத்துறான், நான் கேக்குறேன். இனிமே நான் கத்துறேன், அவனுங்க கேக்கட்டும் லா."

உங்கள் அம்மா காப்பியோடு வந்து, "கத்துறதுக்கா மாமா ஜப்பான்லேருந்து மெஷினு? உங்க தொண்டையே போதுமே" என்றாள். அவர் சிரித்தார். ஆனால் போகும்போது வாசலில் நின்று, "மேல ஏறி சாம்பல் தள்ளுறப்ப பயமாத்தான் இருக்கு. விழுந்து கெடந்தாக்கூட ஒரு பயலுக்குத் தெரியாது" என்று மெதுவாகச் சொன்னார். அதை நான் மறக்கவில்லை. மறக்கவில்லை என்பதால்தான் அவசரப்பட்டேன்.

பெட்டிகள் வந்தன. ரயில் கிடங்கில் சுங்க அதிகாரி முன்னால் திறந்தோம். மலாய்க்காரர், பொறுமையான மனிதர். ஸ்பீக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்:

"இந்தப் பக்கம் இருக்கிற ஆள் பதில் பேச முடியுமா?"

"முடியும், என்சிக்" என்றேன். என்சிக் என்றால் ஐயா மாதிரி.

"அப்படியானால் இது ஸ்பீக்கர் இல்லை. டெலிபோன் வகை."

அவர் சொன்னது சரிதான். வரிப் புத்தகத்தில் இரண்டும் அடுத்தடுத்த தலைப்புகள். ஒன்று, கம்பி வழியாகப் பேசிக்கொள்ளும் டெலிபோன் சாதனங்கள். மற்றது மைக், ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர். டெலிபோன் தலைப்புக்குப் போனால் தொலைத்தொடர்பு இலாகாவின் கடிதம் வேண்டும். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சிலது மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்து துருப்பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் யோசனைதான், வேறு யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஸ்பீக்கருக்குள்ளும் மின்கம்பிகள் ஓடும் ஒரு சின்னப் பச்சைப் பலகை செருகியிருந்தது. குரலைத் திருப்பி அனுப்புவது அதுதான். அந்த நான்கையும் கழற்றினால் மிச்சமிருப்பது வெறும் ஸ்பீக்கர், வெறும் ஆம்ப்ளிஃபையர்.

"என்சிக், பலகைகள் மட்டும் இங்கே இருக்கட்டும். கடிதம் வந்ததும் எடுத்துக்கொள்கிறோம். மற்றதை இன்றைக்கே விடலாமா?"

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "போலே," என்றார். முடியும் என்று அர்த்தம். "ஆனால் கடிதத்தை விட்டுவிடாதே."

பலகைகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, ஒரு பெட்டியில் போட்டு, சீட்டு ஒட்டிக் கிடங்கு அலமாரியில் வைத்தோம். பாரத்தில் ஒரு எழுத்து பொய்யில்லை. ஆம்ப்ளிஃபையர் ஒன்று, மைக் ஒன்று, ஸ்பீக்கர் நான்கு. மாலைக்குள் லாரி கிளம்பிவிட்டது. தவுக்கே, அதாவது எங்கள் முதலாளி, தோளில் தட்டி, "நீ கெட்டிக்காரன் லா" என்று கோழிச்சோறு வாங்கிக் கொடுத்தார். அந்தச் சோற்றை நான் ருசித்துச் சாப்பிட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

கடிதத்துக்கு மனுப் போட ஆலையின் முத்திரை வேண்டும். ஆலைக்கு எழுதினேன். பதில் இல்லை. டெலிபோன் செய்தேன். அங்கிருந்த பெரிய கிராணி, "ஸ்பீக்கரு நல்லாத்தானே பேசுது, இன்னும் என்னா வேணும் உங்களுக்கு?" என்று வைத்துவிட்டார். மறுபடி எழுத வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் தையல் இயந்திரங்கள் வந்தன, பம்புகள் வந்தன, கடிகாரங்கள் வந்தன. ஒவ்வொன்றும் அவசரம். ஆலையின் ஃபைல் ஒவ்வொரு வாரமும் ஒரு ஃபைல் கீழே இறங்கியது.

தைப்பூசத்தன்று கோயிலில் பெரியப்பா கேட்டார்.

"என்னாடா தம்பி, எங்க பெட்டி பேசுது, ஆனா கேக்க மாட்டேங்குதே. கயித்த இழுத்து இழுத்து எனக்குத்தான் கை வலிக்குது."

"ஒரு சாமான் பாக்கியிருக்குண்ணே. வருது வருது."

"நீ சொன்னா சரி" என்றார்.

ஏழு மாதம் அப்படியே போனது. பிறகு ஒரு நாள் மத்தியானம், சாம்பல் தள்ளும்போது, எண்ணெய் படிந்த இரும்புப் படியில் வழுக்கி அவர் கீழே விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. எழ முடியவில்லை. கத்தினார். ஆலை இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? நெருப்புத் தணிந்தது, ஆவி குறைந்தது. அலுவலகத்தில் அது தெரிந்ததும் தலைக்கு மேலே புனல் பேச ஆரம்பித்தது. அடுத்த ஷிப்டு ஆள் வரும்வரை பேசிக்கொண்டே இருந்ததாம்.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில், காலைத் தூக்கிக் கட்டிய கட்டிலில் படுத்துக்கொண்டு, அதை அவர் ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னார்.

"'பாய்லர், பாய்லர், ஸ்டீம் எறங்குது, படுத்துத் தூங்குறியா'ன்னு கேக்குறான்டா. படுத்துத்தான்டா இருக்கேன்னு நானும் சொல்றேன். அவன் எங்க கேக்குறான்!"

பக்கத்துக் கட்டில்காரர் குலுங்கிச் சிரித்தார். நான் கட்டிலோரம் நகர்ந்து உட்கார்ந்தேன். பலகை விஷயத்தை ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னேன். என் யோசனை, என் சோம்பல், எல்லாம்.

"கயிறு இருந்த எடம் தூரம்டா. கை எட்டியிருக்குமோ என்னமோ" என்றார். பிறகு, "ஆரஞ்சு உரி" என்றார். உரித்துக் கொடுத்தேன்.

கை எட்டியிருக்குமா என்று நான் போய்ப் பார்த்தேன், பிள்ளைகளா. முத்திரை வாங்க ஆலைக்கு நேரில் போனபோது, அவர் விழுந்த இடத்தில் தரையில் படுத்துக் கையை நீட்டிப் பார்த்தேன். கயிறு என் விரலில் பட்டது.

பெரிய கிராணியின் மேசை முன்னால் நின்றே முத்திரை வாங்கினேன். தொலைத்தொடர்பு இலாகாவிலும் நேரில் கொடுத்தேன். ஒன்பது நாளில் கடிதம் வந்துவிட்டது. ஒன்பதே நாள். கிடங்கில் அதே அதிகாரி பெட்டியை எடுத்துக் கொடுத்தார். செய்தித்தாளைப் பிரித்தேன், பலகைகள் புதிதாகவே இருந்தன. மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோய் ஆலை எலெக்ட்ரிஷியனிடம் கொடுத்தேன். மாட்டினார். பாய்லருக்கு வந்திருந்த புது ஆள் கயிற்றை இழுத்து, "ஹலோ, கேக்குதா?" என்றான். "கேக்குது, கேக்குது, மெதுவாப் பேசு" என்று பதில் வந்தது. நான் கிளம்பிவிட்டேன்.

பெரியப்பா அதற்குப் பிறகு பாய்லருக்குப் போகவில்லை. ஆலை வாசலில் லாரிகளுக்குச் சீட்டுக் கொடுக்கும் வேலையில் உட்கார வைத்தார்கள். என்னிடம் ஒருநாளும் முகம் கோணியதில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

பலகைகளை மாட்டிய வாரம் வெள்ளிக்கிழமை, மத்தியானத் தொழுகைக்காகச் சுங்கம் மூடியிருந்தது. தவுக்கேயும் மற்றவர்களும் சாப்பிடப் போய்விட்டார்கள். அலமாரியைத் திறந்து ஆலையின் ஃபைலை எடுத்தேன். ஒரு வெற்றுப் பாரத்தை டைப்ரைட்டரில் சுருட்டினேன். பொருளின் விவரம் என்ற கட்டத்தில், ஆலையின் இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளும் சாதனம், பலகைகள் உட்பட, என்று அடித்தேன். தலைப்பு என்ற கட்டத்தில் டெலிபோன் தலைப்பின் எண்ணை அடித்தேன். எண்ணிக்கையில், ஒன்று. கையெழுத்துப் போடவில்லை, அதற்கு இனி யாரும் முத்திரை குத்தப்போவதில்லை. பழைய பாரத்தின் மேல் வைத்து, துளை போட்டு, கயிற்றில் கோத்து முடிந்தேன். பிறகு ஃபைலை அடியில் வைக்காமல் மேலே வைத்தேன்.