வண்டல் புகுந்த எஞ்சின்

எங்கள் வீட்டுக்கு வந்தபோதே அந்த லோடு வண்டி பழையதுதான். எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த டீசல் பிக்கப். ஏரல் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து திருநெல்வேலி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிப் போவதற்காக என் வீட்டுக்காரர் அதை வாங்கினார். அதுவரை அடுத்தவர் வண்டிகளையே ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். சொந்த வண்டி என்று ஒன்று வந்ததும் ஆளே மாறிப்போனார்.

காலையில் காபி குடிக்கும் முன்பே பானெட்டைத் திறந்துவிடுவார். ஆயில் பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். டீசல் பில்டரின் அடியில் இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்தித் தேங்கிய தண்ணீரை வெளியே விடுவார். ஏர் பில்டரைக் கழற்றித் தரையில் தட்டினால் தோட்டத்துப் புழுதி கொத்தாக விழும். பழைய வண்டிக்கு மூச்சுதான் முக்கியம் என்பார்.

அவ்வப்போது எஞ்சினைக் கழுவுவார். அந்த வேலைக்கு என்னையும் கூப்பிடுவார். பேட்டரி ஒயரைக் கழற்றி, தண்ணீர் படக்கூடாத இடங்களைப் பாலித்தீன் பையால் கட்டிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கின் மேல் டீசலைத் தடவி ஊறவைப்போம். பிறகு பிரஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீர் விட்டு, பனியன் வேஸ்ட் துணியால் ஒற்றி எடுப்போம். எஞ்சின் சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்ற விடமாட்டார்.

"பிசுக்கு மூடிக் கெடந்தா எங்கன ஒழுகுதுன்னு தெரியாது ளா. துடைச்சு வச்சாத்தான் அது நமக்குக் காட்டும்" என்று என்னிடம் சொல்வார்.

நான் அப்போது கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். எத்தனை முறை கையைக் கழுவினாலும் நகக்கண்ணில் டீசல் வாடை போகாது. சேலையை விரித்துக் காட்டும்போது வாங்க வந்தவர்கள் மூக்கைச் சுருக்குவார்கள். எனக்கு அது அவமானமாகப் படவில்லை. எங்களுக்கும் ஒரு வண்டி இருக்கிறது என்ற நினைப்புதான் வரும்.

பிறகு அந்த மார்கழி மழை வந்தது. விடாமல் கொட்டி, ஆறு கரையை உடைத்தது. தண்ணீர் தெருமுனைக்கு வருவதற்குள் அவர் வண்டியைக் கொண்டுபோய் அரிசி மில் முற்றத்தில் விட்டுவிட்டு வந்தார். எங்கள் பக்கத்தில் அதைவிட மேடான இடம் கிடையாது. நாங்கள் அடுத்த வீட்டு மாடியில் ஏறிக்கொண்டோம். அங்கிருந்து பார்த்தால் மில் தெரியும். மத்தியானம் தண்ணீர் டயரைத் தொட்டது. பொழுது சாயும்போது வண்டியின் தலை மட்டும் தெரிந்தது. வீட்டுக்குள் எங்கள் சாமான்கள் எல்லாம் மிதந்துகொண்டிருந்தன. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மில்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தண்ணீர் வடிந்ததும் முதல் வேலையாக அங்கே போனோம். சீட்டின் மேல் சேறு படிந்து பாளமாக வெடிக்கத் தொடங்கியிருந்தது. அவர் ஆயில் கம்பியை உருவினார். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில் பால் காபி நிறத்தில் வழிந்தது. பக்கத்தில் நின்றவர்கள் சாவியைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மெக்கானிக்கைத் தேடி நடந்தார்.

மெக்கானிக் பட்டறையும் மூழ்கித்தான் கிடந்தது. மெக்கானிக் சேற்றைத் துழாவி ஸ்பானர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "செல்ப் மட்டும் போட்டுராதேயும் வே" என்றார். "சிலிண்டர்ல தண்ணி நின்னுச்சுன்னா பிஸ்டன் ஏறும்போது அது அமுங்காது. ராடு வளைஞ்சிரும். நா வந்து பாக்கேன்."

வருகிறேன் என்றாரே தவிர, அவரால் உடனே வர முடியவில்லை. ஊரில் இருந்த வண்டி அத்தனையும் முழுகியிருந்தது. எல்லோரும் அவர் வாசலில் நின்றார்கள். வெளியூர் மெக்கானிக்குகளும் கிடைக்கவில்லை.

காத்திருந்த நாட்களில் எங்களால் ஆனதைச் செய்தோம். கெட்டுப்போன ஆயிலை வடித்தோம். முதலில் தண்ணீர் கொட்டியது, பிறகுதான் கூழ் மாதிரி ஆயில் வந்தது. டீசல் டாங்கை இறக்கிக் கழுவினோம். ஏர் பில்டரைத் தூக்கினால் செங்கல் போலக் கனத்தது. ஒயர் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பழைய பல் பிரஷால் தேய்த்தேன். கடைக்குள் இருந்த துணியெல்லாம் சேறாகிவிட்டதால் எனக்கும் வேலை இல்லை. நாள் முழுக்க மில் முற்றத்தில்தான் கிடந்தோம். ஆனால் சிலிண்டருக்குள் நின்ற தண்ணீரை எங்களால் எடுக்க முடியவில்லை. அதற்கான சாமான் எங்களிடம் இல்லை.

பொங்கல் கழிந்துதான் மெக்கானிக் வந்தார். இஞ்செக்டர்களைக் கழற்றியதும் ஒரு துளையிலிருந்து துருத் தண்ணீர் கசிந்தது. ஸ்பானரைப் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. பிஸ்டன் துருவில் பிடித்துக்கொண்டது என்று சொல்லி, டீசலும் ஆயிலும் கலந்து உள்ளே ஊற்றிவிட்டு, தினமும் பைய அசைத்துப் பார்க்கச் சொன்னார். பலமாக இழுத்தால் உடைந்துவிடும் என்றும் எச்சரித்தார்.

என் வீட்டுக்காரர் தினமும் போய் அந்த ஸ்பானரைப் பிடித்தார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு என் கையையும் அதன் மேல் வைக்கச் சொன்னார். ஒரு நூலிழை நகர்ந்தது. "அசையுது, பாத்தியா?" என்றார். வெள்ளத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எஞ்சின் முழுதாகச் சுற்றத் தொடங்கியதும் மெக்கானிக் மறுபடி வந்தார். புது ஆயில் ஊற்றி, சிறிது நேரம் ஓடவிட்டு, வடித்து, மறுபடி ஊற்றி, ஆயில் நிறம் தெளியும்வரை கழுவினார்கள். வண்டி வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. ஆனால் ஏற்றுவதற்கு லோடு இல்லை. வாழைகள் வேரோடு போயிருந்தன. தோட்டங்களில் ஆள் உயரத்துக்கு ஆற்று மணல் ஏறிக் கிடந்தது. தெரிந்த விவசாயிகளை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார். அவர்கள் இவரைவிட மோசமான நிலையில் இருந்தார்கள்.

கடைசியில் அம்பாசமுத்திரத்திலிருந்து வைக்கோல் கொண்டுவரும் வேலை ஒன்று கிடைத்தது. வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் நானும் கூடப் போனேன். போகும்போது வண்டி நன்றாகவே ஓடியது. ஆற்றின் மேல்பக்கத்தில் வயல்களெல்லாம் பச்சையாக இருந்தன. எங்கள் ஊரில் நடந்த எதுவும் அங்கே நடக்காதது போல் இருந்தது. திரும்பி வருகையில், சேரன்மகாதேவி தாண்டியதும், எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் கேட்டது. அவர் உடனே ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். பானெட்டைத் திறக்கவில்லை. இறங்கி, வாய்க்கால் மதகில் போய் உட்கார்ந்துவிட்டார்.

வைக்கோலை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, எங்கள் வண்டியைக் கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்து வந்தோம். மெக்கானிக் அடியில் படுத்து ஆயில் தொட்டியைக் கழற்றினார். ஆயிலில் இரும்புத் தூள் மினுங்கியது. அடியில் சாம்பல் நிறத்தில் வண்டல் படிந்திருந்தது.

"கழுவுனதுல குத்தம் இல்ல வே. ஆயில் போற ஓட்டை ஊசி கனம்தான். அதுக்குள்ள போய் ஒளிஞ்ச மண்ணை யாரு எடுக்க முடியும்?"

"வேற எஞ்சின் மாத்துனா ஓடுமா அண்ணாச்சி?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

மெக்கானிக் வண்டியின் துருவேறிய அடிச்சட்டத்தை ஸ்குரூடிரைவரால் குத்தினார். அது பப்படத்தில் நுழைவது போல உள்ளே போனது. இன்னொரு இடத்தில் குத்தினார். அங்கேயும் போனது. 

பழைய இரும்புக்கடையில் பேசி முடித்தோம். அவர்கள் வருவதாகச் சொன்ன நாளன்று காலையில் அவரைக் காணோம் என்று தேடினேன். பட்டறை வாசலில் நின்ற வண்டியின் மேல் குனிந்து, எஞ்சினில் டீசல் தடவித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வெட்டப் போற வண்டிய எதுக்குக் கழுவுதிய?" என்று கேட்டேன்.

"அழுக்கோடயா குடுக்கச் சொல்லுத?" என்றார்.

நானும் ஒரு பிரஷை எடுத்துக்கொண்டேன். இருவரும் சேர்ந்து தேய்த்தோம். இரும்புக்கடைக்காரர்கள் வந்து, கண்ணாடியையும் டயர்களையும் கழற்றி, மீதியை லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். கழுவியிருந்ததை அவர்கள் கவனித்தது போலத் தெரியவில்லை.

இப்போது அவர் உடன்குடியில் ஒரு கருப்பட்டி வியாபாரியிடம் வண்டி ஓட்டுகிறார். புது வண்டி. எதுவானாலும் கம்பெனியிலேயே பார்த்துக்கொள்வார்கள், டிரைவர் கை வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்களாம். வாரக் கடைசியில் வீட்டுக்கு வருகிறார். போன வாரம் சாப்பிடும்போது, அந்தப் புது வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ஓடுது" என்றார். கொஞ்சம் மோர் விடச் சொன்னார்.