இரண்டு மடங்கு வேகத்தில் மெட்டில்டா

"நா...ன்... மெட்டில்டா... பேசு...தே...ன்..."

கைப்பேசியை வாயருகே பிடித்து, ஒவ்வொரு சொல்லையும் சீனிப்பாகு போல இழுப்பாள் மெட்டில்டா. மக்ரூன் பேக்கரியின் பின்கட்டில் அடித்த வெள்ளைக்கருவும் முந்திரித்தூளும் அதுவரை காத்திருக்கும். தட்டு அடுக்கும் கிருபைக்குத் தினமும் சிரிப்பு.

"ஏளா, நாக்குல சுளுக்கா? கோயில்ல வாசகம் வாசிக்க மாதிரி இழுக்க!"

"சிரிக்காதீய அக்கா. எங்க வீட்டுக்காரவிய ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டுனாலும் எஞ்சத்தம் எஞ்சத்தமாக் கேக்கணும்லா?"

கணவர் ரெக்ஸுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. போன விடுப்பில் வந்திருந்தபோது, தன் அக்காள் அனுப்பிய குரல்செய்தியை வேகம் கூட்டிக் கேட்டார். பாவம், அந்த வேகத்தில் அக்காளின் அழுகை அணில் கிச்சுக்கிச்சென்று கத்துவதுபோலக் கேட்டது. "சுத்தி வளச்சுப் பேசுதா. இப்படி ஓட்டுனா சோலி முடிஞ்சுது" என்றார். அன்று மெட்டில்டாவின் நெஞ்சில் தைத்த முள் இன்னும் எடுபடவில்லை. நம்மையும் இப்படித்தானா?

முட்டையைக்கூட முகர்ந்து பார்த்தே உடைப்பவள் அவள். ஒருநாள் மீன் விலைக்கும் மழைக்கும் நடுவே, "நம்ம மாடி இடிஞ்சு விழுந்துட்டு" என்று ஒரு பொய்யைச் சொருகி அனுப்பினாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

"பாத்தியளா? மாடி இடிஞ்சதுக்குச் சபாஷ் போடுதாவ!" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். பிறகு முட்டை அட்டைகளின் மறைவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்துதான் இந்த இழுவை.

இன்றைய செய்தி வேறு. மார்பில் கட்டி, அறுத்தெடுக்க வேண்டும், தனியாகப் படுக்கப் பயமாயிருக்கிறது. காலையில் டாக்டர் சொன்னதையெல்லாம், மக்ரூன் நுனியைச் சுழற்றித் தூக்கும் அதே நிதானத்தோடு பேசி முடித்தாள். தானே வேகம் கூட்டி ஓட்டிக் கேட்டாள். அவள் குரல்தான். அனுப்பினாள்.

காகிதக் கூம்பில் மாவை நிரப்புவதற்குள் கட்டைவிரல் வந்துவிட்டது. எந்த வேகத்தில் ஓட்டியிருந்தாலும் பாதிகூடத் தாண்டியிருக்காது.

"கேக்கவே இல்ல, அக்கா."

கிருபையின் சிரிப்பு நின்றது.

பிசுபிசுத்த விரலால் மெட்டில்டா முதன்முறையாக எழுத்தில் தட்டினாள்: 'மாரில் கட்டி. வாங்க.'

கைப்பேசி உடனே அலறியது. ரெக்ஸ்.

"ஏளா, எடு!" என்று பதறினாள் கிருபை.

மெட்டில்டா எடுக்கவில்லை. மணி அடிக்க அடிக்க, முந்தானையை இழுத்து, கையில் ஒட்டிய வெள்ளைக்கருவை ஒவ்வொரு விரலாக நிதானமாகத் துடைக்கத் தொடங்கினாள்.