சொல்லிப்போட்டுத் தட்டுறது

பஸ் கொண்டக்டருக்கு முதல் வேண்டியது வாய், ரெண்டாவது பஸ்ஸின்ர தகரத்தில தட்ட ஒரு கை. எனக்கு ரெண்டும் பிறவியிலயே வாய்ச்சது. ஏ.எல் வகுப்பில உயிரியல் படிக்கப் போய், மூளைப் பாடம் வர முதலே பள்ளிக்கூடத்தால இறங்கி, மன்னார் – தலைமன்னார் றோட்டில ஓடுற ஒரு பிறைவேட் பஸ்ஸில தொங்கினவன் நான். ஒருக்காத் தட்டினா நில், ரெண்டுதரம் தட்டினா போ. அவ்வளவுதான் என்ர படிப்பு. இந்த றோட்டில ஒத்தைக் காலில நிண்டு பயணம் போன உங்களுக்கு நான் சொல்லப்போறது விளங்கும்.

பாட்டுப் பெட்டி

எங்கட றைவர் சூசை அண்ணைக்குப் பாட்டு இல்லாட்டி கியர் விழாது. அதுக்கு மேலால கத்தித்தான் நான் ஆள் ஏத்துறனான். ஒரு நாள் மீன் விக்கிற மரியாள் அக்கா என்னைக் கூப்பிட்டா. பாட்டைக் குறைக்கச் சொல்லப் போறா எண்டு நினைச்சன். அவ ஆறுதலா என்ர முகத்தைப் பாத்து, "பாட்டு இருக்கட்டும் தம்பி. உன்னை நிப்பாட்டுற சுவிச் எங்க இருக்கு?" எண்டா.

றைவருக்குப் பின் சீற்

ஓலைத்தொடுவாய்ச் சந்தியில ஒவ்வொரு நாளும் காலமை ஏறுறவர் ரெக்சன் அண்ணை. முப்பது வயசு தாண்டியிருக்கும். பேசாலையில ஐஸ் பக்டரியில மெசின் பாக்கிறவர். வாசலுக்குத் தூரமா, றைவருக்குப் பின்னால இருக்கிற சீற்தான் அவருக்கு. ஆரோடயும் கதையில்லை. நான் தகரத்தில தட்டுற ஒவ்வொரு தரமும் கரண்ட் அடிச்ச மாதிரித் துள்ளுவார். அதைப் பாத்துச் சிரிச்சனான். பெருமைக்குச் சொல்லேல்ல.

ஒரு நாள் இறங்கி நிண்டு, என்ர முகத்தைப் பாக்காமல், பாடமாக்கி வந்த மாதிரிச் சொன்னார். தனக்கு ஓட்டிசமாம், திடீர்ச் சத்தம் தாங்கேலாதாம். அதைக் கண்டுபிடிச்சதே இருபத்தெட்டு வயசிலயாம். மற்ற பஸ்ஸுகளில ஏறிப் பாதியில இறங்கியிருக்கிறாராம். சூசை அண்ணை சடாரெண்டு ஹோர்ன் அடிக்காததால இது ஒண்டிலதான் வரலாமாம், இதையும் விட்டா வேலையையும் விடவேண்டியதுதானாம். பேந்து, "தட்டுறதை நிப்பாட்டச் சொல்லேல்ல. சொல்லிப்போட்டுத் தட்டுங்கோ, அது காணும்" எண்டார்.

முன் சீற்றும் பின் சீற்றும்

அண்டையில இருந்து "தட்டப் போறன்" எண்டு சொல்லிப்போட்டுத்தான் தட்டினனான். ரெண்டு கிழமையில பஸ்ஸில உள்ள எல்லாரும் என்னோட சேந்து சொல்லத் தொடங்கிட்டினம், பூசையில மறுமொழி சொல்லுற மாதிரி. ரெக்சன் அண்ணை துள்ளேல்ல. பேச்சுக் குடுக்கவும் தொடங்கினார்.

மூளையைப் பற்றித் தேடித் தேடி வாசிக்கிற மனிசன். மூளைக்குள்ள ஒரு பகுதி "கவனி, கவனி" எண்டு உசுப்புமாம், இன்னொரு பகுதி "காணும், விடு" எண்டு அடக்குமாம். அடக்கிறதுக்கு காபா எண்டு ஒரு ரசாயனம் இருக்காம். ஓட்டிசம் உள்ள பெரியாக்கள் சில பேரில அந்த அடக்கிற வேலை வேற மாதிரி நடக்குதோ எண்டு ஆராயினமாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லையாம், முடிவா ஒண்டும் சொல்லவும் ஏலாதாம். நான் பஸ்காரன் விளங்கிற மாதிரி விளங்கிக்கொண்டன்: எங்களுக்குப் பாட்டு, டீசல் மணம், மீன் மணம் எல்லாம் கொஞ்சத்தில பின் சீற்றுக்குப் போயிடும். அவருக்கு எல்லாம் முன் சீற்றிலயே குந்திக்கொண்டிருக்கும்.

அப்ப எங்கட பஸ்ஸை விடக் கத்துற ஐஸ் மெசினோட எப்பிடி இருக்கிறியள் எண்டு கேட்டன். முதல் தரமாச் சிரிச்சார். "மெசின் சொல்லாமல் கத்தாது, தம்பி."

பெருநாளுக்கு முதல் நாள்

கோயில் பெருநாளுக்கு முதல் நாள் பஸ் பிதுங்கி வழிஞ்சுது. றைவருக்குப் பின் சீற்றில ஒரு தாய் பிள்ளையோட இருந்தா. ரெக்சன் அண்ணை வாசலடியில, என்ர கைக்குப் பக்கத்தில, கம்பியில நெத்தியை முட்டிக்கொண்டு நிண்டார். ஏறின ஆக்கள் என்ர பகிடி ஒவ்வொண்டுக்கும் சிரிச்சினம். சிரிப்புக் கேட்டா எனக்குக் கண் தெரியாது.

"தட்டப் போறன்" எண்டன். அவர் தோளை இறுக்கினார். நான் தட்டேல்ல. பஸ் சிரிச்சுது. திரும்பச் சொன்னன், திரும்ப இறுக்கினார், நான் தட்டேல்ல. மூண்டாம் தரமும் அப்பிடித்தான். நாலாம் தரம் ஒண்டும் சொல்லாமல், அவரின்ர காதடியில ரெண்டு கையாலயும் அடிச்சன்.

அவர் துள்ளேல்ல. காதைப் பொத்திக்கொண்டு ஆக்களின்ர கால்களுக்கு நடுவில குந்திட்டார். சிரிப்பு நிண்டுபோச்சு. சூசை அண்ணை பஸ்ஸை ஓரங்கட்டி, நான் பாக்கப் பாட்டை நிப்பாட்டினது அண்டைக்குத்தான். ரெக்சன் அண்ணை இறங்கி, வந்த பக்கமே நடந்தார். நான் பின்னால ஓடிக் கூப்பிட்டன், திரும்பேல்ல. தனிய வந்து ஏறின என்னைப் பாத்து மரியாள் அக்கா கேட்டா: "அண்டைக்குப் பகிடிக்குக் கேட்டனான். இண்டைக்கு உண்மையாக் கேக்கிறன் தம்பி, எங்க உன்ர சுவிச்?"

ஞாயிற்றுக்கிழமை

பெருநாள் முடிஞ்சும் அவர் வரேல்ல. மூண்டாவது கிழமை, ஐஸ் பக்டரியில மெசினுக்கு வேற ஆளை எடுத்திட்டினம் எண்டு கேள்விப்பட்டன். அந்த ஞாயிறு பூசை முடிய வீடு தேடிப் போனன். முற்றத்தில ஒரு பழைய ஃப்ரிட்ஜைக் கழட்டி வைச்சிருந்தார். எனக்குக் கதிரை எடுத்துப் போட்டார். நான் அரை மணித்தியாலம் மன்னிப்புக் கேட்டன். பகிடி விடாமல் நான் கதைச்ச ஒரே அரை மணித்தியாலம் அது. திங்கக்கிழமை வாங்கோ, பக்டரியில நானே போய்க் கதைக்கிறன், இனிச் சொல்லாமல் தட்டமாட்டன் எண்டு அந்தோனியார் மேல சத்தியம் பண்ணினன்.

கையில இருந்த ஸ்குறூவைப் பாத்துக்கொண்டே கேட்டவர், கடைசியாச் சொன்னார்: "எனக்கு உங்களில கோவமில்லை. சொல்லாமல் தட்டினதைக் கூட மறக்கலாம். சொல்லிப்போட்டு மூண்டுதரம் தட்டாமல் விட்டிட்டியள். இனி நீங்கள் சொன்னாலும் என்ர மூளை நம்பாது, நான் என்ன செய்ய?"

இப்பவும் அந்தச் சந்தியில "தட்டப் போறன்" எண்டு சொல்லிப்போட்டுத்தான் தட்டுறன், ஆனா றோட்டில நிக்கிற ஆரையும் ஏத்துற இந்த வாய், தானே இறக்கிவிட்ட ஒருத்தரைத் திரும்ப ஏத்த உதவாது எண்டுறதுதான் நான் கடைசிவரைக்கும் இருந்து படிச்ச ஒரே பாடம்.