பனிக்கரடி விட்டவர்

மொன்றியல் தமிழ்ச் சனத்துக்குள் வடதுருவம் பார்த்து வந்த ஒரே மனிதர் என்று பெயரெடுத்தவர் அரியரத்தினம் அண்ணை. ‘துருவத்தார்’ என்றே அவரைக் கூப்பிட்டார்கள். அந்தத் துருவத்தார் ஜனவரி மாதத்தில் மூலையில் இருக்கிற டெப்பனர் கடைக்குப் பால் வாங்கக்கூடப் போகமாட்டார். காதுக்குள் குளிர் போய்விடுமாம். பால் வாங்கப் போவது அவருடைய மனுசி யோகராணி அக்கா. இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. வில்லரேயில் அவர்கள் மேல்வீடு, நான் கீழ்வீடு. அந்த மனிதரின் வண்டவாளம் முழுவதும் என் தலைக்கு மேலேதான் நடந்தது.

செயின்ட்-மிஷேலில் அவர் வேலை செய்த தையல் தொழிற்சாலை மூடப்பட்ட நாளோடு அவர் உழைப்பும் முடிந்தது. “இனி ஒருத்தனுக்குக் கீழை கைகட்டி நிக்கமாட்டன்” என்று சொல்லிவிட்டு சோபாவில் சாய்ந்தவர்தான். யோகராணி அக்கா ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். அங்கே கூட வேலை செய்த ஒருத்தி சொல்லி, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே, மரமே முளைக்காத ஒரு தீவில் உள்ள சுரங்க முகாமுக்குச் சமையல் வேலைக்கு விண்ணப்பித்தார். கிடைத்தும் விட்டது. மூன்று கிழமை அங்கே, மூன்று கிழமை இங்கே. கூட்டிப் போகவும் கொண்டுவந்து விடவும் விமானம்.

துருவத்தார் துள்ளிக் குதித்தார். “முந்நூறு ஆம்பிளையளுக்கு நடுவிலை ஒரு பொம்பிளை! சனம் என்ன சொல்லும்?” சம்பளத்தைப் பற்றிச் சனம் ஒன்றும் சொல்லாது போலிருக்கிறது, ஏனென்றால் அதை மட்டும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். துருவத்துக்கு வேலைக்குப் போவது அவர். அந்த நாட்களில் மனுசி ரொறொன்ரோவில் தங்கச்சியின் பிள்ளையைப் பார்க்கப் போகிறா. ஊருக்கு இப்படிச் சொல்வது. அக்கா சிரித்துவிட்டு ஓம் என்றாராம். “பேர் அவருக்கு, பனி எனக்கு எண்டு விட்டிட்டன்” என்று பிறகு என்னிடம் சொன்னார்.

ஆனால் துருவத்தில் இருக்கிற மனிதர் மொன்றியலில் நடமாட முடியாதே. அதனால் அக்கா விமானம் ஏறிய நாளிலிருந்து திரும்பி வரும்வரை அண்ணை வீட்டுக்குள் ஒளிந்து கிடந்தார். திரைச்சீலை இழுத்துப் பூட்டு, விளக்கு இல்லை, தொலைக்காட்சி சத்தமில்லாமல். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. முந்நூறு பேருக்குச் சமைக்கப் போகிற மனுசி, போகும் முன் இந்த ஒருவருக்கும் சமைத்துக் குளிர்ப்பெட்டியை நிரப்பிவிட்டுத்தான் போவார்.

எனக்கு ஒன்றும் தெரியாது. ஆளில்லாத வீட்டில் கழிப்பறைத் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டு, குழாய் பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் என் குசினிக் கூரையால் தண்ணீர் சொட்டியது. வெளிப்படியால் ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன். தட்டத் தட்ட ஒரு விரற்கடை திறந்தது. சாரம், கம்பளிச் சட்டை, முள்ளுத் தாடி.

“அண்ணை! நீங்கள் வடக்கிலை எல்லோ?”

“நான் இஞ்சை இல்லைப் பிள்ளை” என்றார். என் கண்ணுக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னார்.

“அப்ப அந்தக் குழாயைப் பூட்டுங்கோ” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். அவர்மேல் அன்றைக்குப் போன மரியாதை பிறகு எனக்கு வரவேயில்லை.

எனக்கு விசயம் தெரிந்துவிட்டது என்று ஆனபிறகு, அக்கா ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் என் வீட்டில் தேத்தண்ணி குடித்தபடி கதை சொல்வார். நவம்பரில் போகிற சூரியன் பிறகு எட்டிப் பார்க்காது. மத்தியானத்தில் மட்டும் கொஞ்ச நேரம் வானம் நீலம் போட்ட வேட்டி மாதிரி இருக்கும், பிறகு பழையபடி இருட்டு. குசினிப் பின்கதவுக்கு ஒரு வெள்ளை நரி வரும், வந்து மணம் பிடித்துவிட்டுப் போகும். அண்டங்காகமும் வரும். காகத்துக்குச் சோறு வைத்துப் பழகிய கை துடிக்கும், ஆனால் எந்தச் சீவனுக்கும் தீன் போடக்கூடாது என்பது முகாமில் கடும் சட்டம். பனிக்கரடியை ஒரேயொரு தரம், குசினி யன்னலால், தூரத்தில், ஒரு அரிசி மணி அளவில் கண்டாராம்.

“அங்கை ஒருத்தரும் என்னை ஏன் எதுக்கெண்டு கேக்கிறேல்லை, சாம்பவி. சமைச்சுப் போட்டு வெளியிலை வந்து நிண்டால், காத்துச் சத்தம் மட்டும்தான். எனக்கு அது பிடிச்சிருக்கு” என்றார். ஒரு ஆசைதான் மிச்சம் என்றார். பெப்ரவரி முதல் கிழமையில் சூரியன் திரும்பி வரும். முகாமே வெளியில் ஓடிப்போய் நிற்குமாம். வேலைக்குப் போன மூன்று வருடமும் அந்த நாளில் அவர் முறை வரவில்லை. இந்த வருடம் வந்திருந்தது.

இந்தக் கதைகளை எல்லாம் மேல்வீட்டிலும் சொல்லத்தானே செய்வார். அண்ணை அவற்றைப் பொறுக்கிக்கொண்டு போய்க் கோயிலிலும் கலியாண வீடுகளிலும் விற்றார். அரிசி மணிக் கரடி சித்திரை வருடப் பிறப்புக்கு வாசலில் வந்து நின்றது. தீபாவளிக்கு அவருடைய கையை மோந்தது. கனடாவில் முப்பது வருடம் இருந்தும் எங்கள் சனத்துக்குப் பக்கத்து ஊர் லவாலுக்கு அங்காலை என்ன இருக்கிறது என்று தெரியாது. வாயைப் பிளந்து கேட்டார்கள்.

ஜனவரிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் பொங்கல் விழா. துருவத்தாருக்குப் பொன்னாடை. தலைவர் போர்த்திவிட்டு, துருவத்தில் கொண்டாடிய பொங்கலைப் பற்றிச் சொல்லச் சொன்னார். அக்கா என் பக்கத்தில் இருந்தார்.

“போன வருசம் தைப்பொங்கல் அண்டு,” என்று அண்ணை தொடங்கினார், “மைனஸ் நாப்பதிலை வெளியிலை அடுப்பு மூட்டினன். கிழக்கை பாத்து நிண்டன். பனிக்குள்ளாலை சூரியபகவான் எழும்ப எழும்ப, பால் பொங்கிச்சுது!”

மண்டபம் கைதட்டியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அதோடு அந்த மனிதர் இறங்கியிருந்தால் அக்கா விட்டிருப்பார். மூன்று வருடம் விட்டவர்தானே.

“எனக்கும் வயது போகுது” என்று அண்ணை குரலைத் தாழ்த்தினார். “உங்கள் எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறன். இண்டையோடை துருவ வேலையை விடுறன். இனி நானும் மனுசியும் வீட்டோடைதான்.”

ஒளிந்து கிடந்து அலுத்துப் போச்சு, அவ்வளவுதான். வீட்டில் மனுசியின் முகத்தைப் பார்த்து வேலையை விடு என்று சொல்ல முதுகெலும்பு இல்லாதவர், ஒலிவாங்கியைப் பிடித்துச் சபைக்குச் சொல்கிறார். ஊர்க் கணக்கில் அண்ணை போகவில்லை என்றால் அக்காவும் போக முடியாது. அக்காவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த வடையை நசித்துவிட்டேன்.

அக்கா எழும்பினார். குரலை உயர்த்தவில்லை.

“தைப்பொங்கலுக்கு அங்கை சூரியன் எழும்பாது. நவம்பரிலை போனால் பெப்ரவரியிலைதான் வரும். அது போய் வந்த ஆக்களுக்குத் தெரியும். இவர் போனதில்லை. போறது நான். வாற கிழமையும் போறன்.”

முன்வரிசையில் ஒரு பெரியவர், பாவம், உண்மையிலேயே கவலைப்பட்டுக் கேட்டார்: “அப்ப அந்தக் கரடி, தங்கச்சி?”

“கரடியைப் பாத்தது நான், ஐயா. கரடி விட்டது அவர்.”

பின்வரிசையில் யாரோ ஒரு பொம்பிளை விழுந்து விழுந்து சிரித்தா. பிறகு மண்டபமே சிரித்தது. தலைவர் பொன்னாடையைத் திரும்ப வாங்குவதா விடுவதா என்று தெரியாமல் கையைப் பிசைந்தார். துருவத்தார் அதைத் தலையோடு மூடிக்கொண்டு பக்கக் கதவால் போனார். ‘முந்நூறு ஆம்பிளையளுக்கு நடுவிலையோ’ என்று இரண்டு பேர் கிசுகிசுத்தார்கள்தான். சிரிப்புச் சத்தத்தில் அது எடுபடவில்லை.

அடுத்த கிழமை அக்கா போய்விட்டார். இந்த முறை குளிர்ப்பெட்டியை நிரப்பவில்லை.

நாலாம் நாள் துருவத்தார் ஒரு வெறும் கோப்பையோடு என் கதவைத் தட்டினார். தமிழ் தெரியாத டெப்பனர்க்காரனுக்குக்கூட விசயம் தெரிந்துவிட்டதாம், கடைக்குப் போக வெட்கமாக இருக்கிறதாம். “சோறு கீறு இருக்கோ பிள்ளை?” என்று கோப்பையை நீட்ட, வாங்கிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து என் கைபேசிக்கு அக்காவின் படம் வந்தது. வெள்ளை மலை விளிம்பில் நகத்துண்டு அளவில் சிவந்த சூரியன். முன்னால் தடித்த கையுறை போட்ட கை, கையில் காகிதக் கோப்பை, கோப்பைக்குள் ஆவி பறக்கும் பொங்கல் புக்கை. கீழே எழுதியிருந்தார்: ‘குசினியிலை பொங்கி வெளியிலை கொண்டுவந்து படைச்சன். இஞ்சை தை இண்டைக்குத்தான் பிறந்தது. அழுதிட்டன், சாம்பவி. கண்ணீரும் இமையிலை உறைஞ்சு போச்சு.’

எனக்கும் கண் கலங்கியது. ஒரு சொல்லாவது நல்லதாகச் சொல்லுவார், அப்படிச் சொன்னால் சோறு என்ன, கறியும் போடலாம் என்று நினைத்துப் படத்தை அந்த மனிதரிடம் நீட்டினேன்.

கண்ணைச் சுருக்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார்.

“பாத்தியே பிள்ளை? அங்கை சூரியன் இருக்குத்தானே. நான் அண்டைக்குச் சொன்னது பொய்யே?”

வெறும் கோப்பையை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.