கெட்டிமேளத்தில் ஒரு தும்மல்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவனுக்கு மாடுலர் சிந்தசைசர், அதாவது துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டுகிற சத்தப் பெட்டி, எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் எனக்கு இல்லை. அப்பா அதற்கு ஈ.பி. பெட்டி என்று பெயர் வைத்தார். வரிசையாகக் குமிழ்கள், மினுக்கும் விளக்குகள், ஓட்டைக்கு ஓட்டை குத்திய ஒயர்கள்; அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அக்கா கல்யாணத்தில் யாரோ அதன் மேல் காபி டம்ளரை வைத்தார்கள் பாருங்கள், அந்தக் கோபம் மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தப் பெட்டிக்குள் என் உயிர் ஒரு கிரானுலர் மாடுல். கையகலத் தகடு, மாதக்கணக்கில் உட்கார்ந்து நானே சால்டர் வைத்தது. மைக்கில் பிடித்த நாலு நொடிச் சத்தத்தை அது அரிசியை நொய்யாக உடைப்பது போல உடைக்கும். பிறகு அந்த நொய்யை வாரி வாரி இறைத்துக்கொண்டே இருக்கும். நாலு நொடிச் சத்தம் நாலு மணி நேரம் ஓடும். அந்த நாலு நொடியில் எந்த இடத்திலிருந்து வாருவது என்று சொல்ல ஒரு குமிழ் உண்டு. என்னைக் கவிழ்த்தது அந்தக் குமிழ்தான்.

கல்வராயன் மலைக்குப் போய் அருவிச் சத்தத்தைப் பிடித்து வந்து அதில் போட்டால், வீட்டில் உட்கார்ந்து கேட்கிற ஒரே ஆள் அக்கா. "அருவி தண்ணிய ஒண்ணொண்ணா எண்ணிக்கினு இருக்கிற மாதிரி இருக்குதுடா" என்பாள். என் வேலையை இவ்வளவு சரியாக வேறு யாரும் சொன்னதில்லை.

அக்கா சின்னசேலத்தில் பள்ளிக்கூட டீச்சர். அவள் கல்யாணம் இரண்டு தடவை தும்மலால் நின்றது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் பெரியப்பாவுக்கு ஒற்றைத் தும்மல் ஆகாது. இரட்டையாகத் தும்மினால் நல்லது, ஒற்றை என்றால் காரியம் அதோடு சரி. முதல் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கத் தியாகதுருகம் கிளம்பியபோது வேன் டிரைவர் ஒரு தும்மல் போட்டார், வேன் திரும்பிவிட்டது. அடுத்ததில் தட்டு மாற்றுகிற நேரத்தில் போட்டோகிராபர். "சகுனம் சரியில்ல, வாணாம்" என்று பெரியப்பா எழுந்துவிட்டார். அவர் எழுந்தால் எங்கள் வீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள்.

மூன்றாவதாக வந்தவர் வெள்ளிமலையில் பேங்க் வேலை பார்க்கிற மாப்பிள்ளை. இவரை அக்காவுக்குப் பிடித்திருந்தது. அவள் வாயால் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இதுவும் நின்றால் இனி யாரையும் பார்க்க வேண்டாம் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அப்போது அவளுக்கு வயது முப்பத்திரண்டு.

பெரியப்பா தும்முவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் தும்மினால் "ஹாச்" முடிந்ததும் "ஏய்" என்று ஓர் அதட்டல் வரும், யாரோ அவரைத் தும்ம வைத்துவிட்டது போல. தெருக்கோடியில் இருப்பவருக்குக்கூட அது யார் தும்மல் என்று தெரியும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பில் மேளக்காரர்கள் வெளுத்து வாங்கினார்கள். தவில் முடிகிற அந்தக் கடைசி நொடிகளை மைக்கில் பிடித்து மாடுலில் சேமித்தேன். முழுதாகப் போட்டுக் கேட்பதற்குள், முந்திரிப் பருப்பைக் காணோம் என்று உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மேளக்காரர்கள் மலையில் இன்னொரு கல்யாணத்துக்குப் போனார்கள். முகூர்த்தத்துக்கு முன்னால் இறங்கிவிடுவோம் என்றார்கள்.

காலையில் அவர்களிடமிருந்து போன் வந்தது. "கிழங்கு லாரி ஒண்ணு வளைவுல குறுக்க நின்னுக்கினு இருக்குதுங்க. முன்னயும் போவ முடியல, பின்னயும் போவ முடியல."

தாலி ஏறும் நேரத்தில் தும்மலோ இருமலோ அழுகையோ காதில் விழக்கூடாது என்பதற்குத்தானே கெட்டிமேளம். அது இல்லாமல் பெரியப்பா தாலியைத் தொடவே விடமாட்டார். போனில் போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். போட்டோம், முதலில் மூட்டுவலித் தைலத்துக்கு விளம்பரம் வந்தது. தாலி ஏறும்போது மூட்டுவலி வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

மணவறையிலிருந்து அக்கா என்னைப் பார்த்தாள். "உன் பொட்டில மேளம் இருக்குதில்ல?"

"இருக்குதுக்கா. நேத்து புடிச்சது."

பெரியப்பா பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். "எத வேணா போடு. ஒரு தும்மல் சத்தம் காதுல வுழக்கூடாது, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போய் மேடை ஓரத்தில் உட்கார்ந்தார்.

மண்டபத்து சவுண்ட் பெட்டியில் ஒயரைக் குத்தினேன். மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கும் மேலே ஸ்பீக்கர்கள். ஐயர் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கையைத் தூக்கினார். பொத்தானை அழுத்தினேன். தவில் கொட்டியது. ஒன்றிரண்டு தவில் இல்லை, ஒரு ஊர்த் தவில். அப்பா வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை தாலியை எடுத்துக் குனிந்தார். சந்தோஷத்தில் அப்பா பக்கம் திரும்பினேன், கையில் அந்தக் குமிழ் இருந்தது, அதுவும் கூடவே கடைசிவரை திரும்பிவிட்டது.

கடைசியில் தவில் இல்லை. தவில் நின்ற மறுநொடி மைக்குக்குப் பக்கத்தில் யாரோ தும்மியிருக்கிறார்கள். அந்த ஒரு தும்மலை என் மாடுல் நொய்யாக உடைத்து மண்டபம் முழுக்க இறைத்தது. "ஹாச் ஹாச் ஏய் ஹாச் ஏய் ஏய் ஏய்."

மண்டபமே திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தது.

சத்தத்தை அடியோடு குறைத்தேன். மாப்பிள்ளை கையில் தாலி அப்படியே நின்றது. ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டார். பெரியப்பா எழுந்தார். அக்காவின் வாழ்க்கையை நானே சால்டர் வைத்துக் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அக்கா குனிந்த தலை நிமிராமல், வகுப்பில் கேள்வி கேட்கிற குரலில் கேட்டாள். "தம்பி, அது ஒத்தையா ரெட்டையா?"

"ரெண்டு ஸ்பீக்கருக்கா. அதுல ஒண்ணு, இதுல ஒண்ணு. எது வந்தாலும் ரெட்டையாத்தான் வரும்."

"கேட்டுக்கினீங்களா பெரிப்பா? ரெட்டைதானாம்."

பெரியப்பா தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "மேளத்த போடுடா" என்றார். குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தவில் கொட்டியது, முடிச்சு விழுந்தது. முதல் அட்சதை பெரியப்பா போட்டது.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது அவர் என்னிடம் வந்தார். நான் ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"நேத்து தும்முனது ஒத்தை. யாரும் பாக்கலன்னு துண்டால மூஞ்சிய தொடச்சிக்கினேன்" என்றார். "இன்னொண்ணு. நீ மேளம் போட்டப்ப நான் குந்திக்கினு இருந்தது இந்த ஸ்பீக்கர் கீழ. இது ஒரு சத்தமும் குடுக்கல."

பின்னால் போய்ப் பார்த்தேன். சீரியல் விளக்குக்காக யாரோ அதன் பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள்.

"தெரிஞ்சிக்கினே ஏன் மேளத்த போடச் சொன்னீங்க?"

"ரெண்டு தடவ நான்தான நிறுத்தனேன். இதையும் நிறுத்திட்டு அவ மூஞ்சில எப்பிடி முழிக்கிறது?"

வருஷக்கணக்காக அவர் மேல் ஒரு கோபத்தை வளர்த்து வைத்திருந்தேன். அது அந்த இடத்திலேயே போய்விட்டது, அழுகைகூட வந்தது. அவருக்கு அதெல்லாம் தெரியாது, பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தும்மல எதுல அழிக்கிறது?"

பொத்தானைக் காட்டினேன். ஆள்காட்டி விரலால் காலிங்பெல் அடிப்பது போல அழுத்தினார்.

"போச்சா?"

"போச்சு பெரிப்பா."

"அவகிட்ட சொல்லாத. ரெட்டைன்னே நெனச்சிக்கினு இருக்கட்டும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார்.