மாண்ட்ரியால் வென்ற ஆண்டு

பெங்களூரில் விளையாட்டுப் புள்ளிவிவர நிறுவனம் ஒன்றில் தான் இரண்டு வருடம் வேலை பார்த்த செய்தி, கலாவதிக்கு நியூ ஜெர்சியின் எடிசன் நகருக்கு வந்து நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஓக் ட்ரீ ரோட்டில் புடவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்த, வேலை பிடித்துத் தரும் கன்சல்டன்சி ஆபீசில், ஃபேக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தன் ரெஸ்யூமேயில் அதைப் படித்தாள். மேலே அவள் பெயர்தான் இருந்தது. ஈரோட்டுக் கல்லூரியும் அவளுடையதுதான். சென்னையில் வங்கி ஒன்றுக்காக மூன்று வருடம் கோபால் என்ற கம்ப்யூட்டர் மொழியில் நிரல் எழுதியதும் உண்மை. அதற்குக் கீழே வேறு யாரோ ஒரு பெண் பெங்களூரில் பேஸ்பால், கூடைப்பந்து, குதிரைப் பந்தயம் என்று அமெரிக்க விளையாட்டுகளின் விவரங்களையெல்லாம் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள். நிஜக் கலாவதி பெங்களூரைப் பார்த்தது ஒரே ஒரு முறை, அதுவும் பஸ் மாறுவதற்காக.

"சார், இது நான் இல்லைங்க."

"நீதாம்மா. மேல பேரு போட்டிருக்கு பாரு" என்றார் கன்சல்டன்சி நடத்தும் வாஞ்சிநாதன். அவருக்கு இது வருடத்துக்கு நூறு தடவை கேட்கும் பேச்சு. "டேட்டுல பேங்க் டேட்டு, பேஸ்பால் டேட்டுன்னு தனித்தனியா இருக்கா? ரெண்டு டிஜிட் வருஷத்த நாலு டிஜிட்டா மாத்தப் போற, அவ்ளோதான். யாராவது கேம் பத்திப் பேசினா சிரிச்சு வை. கேள்வி மட்டும் கேட்டுடாத. கேட்டா மாட்டிப்ப."

அது 1999 மார்ச் மாதம். உலகம் முழுக்க கம்ப்யூட்டர்கள் இரண்டாயிரமாவது வருடத்தைக் கண்டு குழம்பிவிடும் என்ற பயத்தில், நியூ ஜெர்சியில் கோபால் தெரிந்தவர்களுக்கு நல்ல கிராக்கி. அப்படியும் கலாவதிக்கு ஒரு வாய்ப்பும் வரவில்லை. கன்சல்டன்சி எடுத்துக் கொடுத்த கெஸ்ட் ஹவுசில் ஐந்து பெண்களோடு தங்கியிருந்தாள். மற்றவர்கள் காலையில் வேலைக்குக் கிளம்பிப் போக, இவள் மட்டும் ஆறு பேருக்கும் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். சங்ககிரியில் லாரி ஓட்டும் அப்பா, வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய மகள் அமெரிக்காவில் ஆபீசராக இருப்பதாக எல்லாச் செக்போஸ்ட்டிலும் சொல்லி வைத்திருந்தார். இவள் இனிமேல் திரும்பிப் போக வேண்டுமென்றால் அந்தச் செக்போஸ்ட்டுகள் எல்லாவற்றையும் கடந்துதான் போக வேண்டும்.

கையெழுத்துப் போட்டாள். பொய்யை எழுதியது அவர். அதற்குக் கீழே பெயர் எழுதியது இவள். இரண்டில் எது பெரிய தப்பு என்று அன்று முழுக்க யோசித்தாள்.

வேலை கிடைத்த இடம் ஒரு சிறிய பதிப்பகம். ஒவ்வொரு வருடமும் அமெரிக்கப் பெரும் போட்டிகளில் வென்றவர்களின் பட்டியலைப் புத்தகமாகப் போடுவார்கள். நூற்றாண்டு முடிவதால் இந்த முறை முதன்முதலாக ஒரு பெரிய சுவரொட்டியும் போடுவதாக இருந்தது. பள்ளிக்கூட ஜிம்களில் மாட்டுவதற்காக. மேலாளர் டோனா எப்போதும் நடந்துகொண்டே பேசும் பெண்மணி. பட்டியலுக்குச் சொந்தக்காரர் என்று சொல்லத்தக்கவர் ஃப்ராங்க். அறுபத்திரண்டு வயது, முழங்கால் வலி, பேஸ்பால் பைத்தியம். கம்ப்யூட்டருக்காகக் கார்டில் துளை போட்ட காலத்திலிருந்து இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு வெற்றியாளரையும் தன் கையாலேயே ஏற்றி வந்தவர். கலாவதி சேர்ந்த சில வாரங்களில் முழங்கால் அறுவைக்காக நீண்ட விடுப்பில் போய்விட்டார். போவதற்கு முன் அவள் மேசைக்கு வந்து, எந்த அணியின் ஆள் நீ என்று கேட்டார். கலாவதி சிரித்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயம் 1875 முதல் ஒரு வருடம்கூட விடாமல் நடந்திருக்கிறது. ஆகவே கோப்பில் 75 என்ற வருடம் இரண்டு முறை வந்தது. எந்த 75 எந்த நூற்றாண்டு என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. வரிசையை வைத்து அதைப் பிரிக்கும் வழியை அவளே யோசித்து எழுதினாள். டோனா நடந்துகொண்டே கைதட்டினார். அந்தக் கைதட்டல் எந்தக் கலாவதிக்கு, தனக்கா, பெங்களூர்க்காரிக்கா என்று ஒரு கணம் தோன்றியது.

கடைசியாக ஒரு சோதனை நிரல் எழுதினாள். ஒவ்வொரு போட்டிக்கும் ஒவ்வொரு வருடமும் ஒரு வெற்றியாளர் இருக்கிறாரா என்று அது பார்க்கும். இண்டியானாபொலிஸ் கார் பந்தயத்தில் உலகப் போர் வருடங்கள் இல்லை. 'நடைபெறவில்லை' என்ற குறிப்பு இருந்தது. ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பையில் 1919 இல்லை. விஷக்காய்ச்சல் என்ற குறிப்பு இருந்தது. பேஸ்பால் உலகத் தொடரில் 1904க்கும் குறிப்பு இருந்தது. பிறகு திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. உலகத் தொடர், 1994. வெற்றியாளர் இல்லை. குறிப்பும் இல்லை.

கலாவதி சோதனையை மறுபடி ஓட்டினாள். அதே வரி.

ஐந்து வருடத்துக்கு முந்தைய சாம்பியன் யாருக்கும் தெரியாமல் போயிருக்க முடியாது. அப்படியென்றால் பெயரை அழித்தது தன் நிரல்தான். அணிகளின் வெற்றி தோல்விக் கோப்பைத் திறந்து பார்த்தாள். பயம் இரட்டிப்பானது. அதற்கு முந்தைய வருடத்தில் ஒவ்வொரு அணியும் நூற்று அறுபத்திரண்டு ஆட்டம் ஆடியிருந்தது. 1994இல் மட்டும் நூற்றுப் பதினைந்தை ஒட்டி நின்றுவிட்டது. ஓர் அணிக்கு ஏறத்தாழ ஐம்பது ஆட்டங்களை எலி கடித்ததுபோலக் காணவில்லை. பழைய கோப்போடு ஒப்பிடலாம் என்றால், நகல் எடுக்காமல் அதன் மேலேயே நிரலை ஓட்டியிருந்தாள். முதல் வருடப் பையன்கள்கூடச் செய்யாத தப்பு. சேமிப்பு டேப் வேறொரு கட்டடத்தில் இருந்தது. டோனா கையெழுத்துப் போட்டால்தான் தருவார்கள். பழைய புத்தகங்களோ ஃப்ராங்க் பூட்டிவிட்டுப் போன அலமாரியில் இருந்தன. அன்று வெள்ளிக்கிழமை. நான்கு மணிக்குப் பட்டியல் அச்சகத்துக்குப் போக வேண்டும். அப்போது மணி இரண்டரை.

யாரையாவது கேட்டிருக்கலாம். அடுத்த மேசைக்காரரிடம், 1994இல் யார் ஜெயித்தார்கள் என்று ஒரு வரி. ஆனால் இரண்டு வருடம் பேஸ்பால் விவரங்களைக் கட்டி மேய்த்தவள் அதைக் கேட்பாளா? வாஞ்சிநாதனுக்குப் போன் செய்தாள்.

"ஸ்டாண்டிங்ஸ்ல யாரு டாப்பு?" என்றார்.

"மாண்ட்ரியால்ங்க சார். எழுபத்திநாலு ஜெயிச்சிருக்காங்க. அதுக்கு மேல யாரும் இல்லை."

"அப்ப அவன்தான். அதிகமா ஜெயிச்சவன்தானே ஜெயிச்சவன்? போட்டுட்டு வீட்டுக்குப் போம்மா."

மாண்ட்ரியால் என்று அடித்தாள். கட்டம் நிறைந்தது. சோதனை நிரல் எல்லாம் சரி என்றது. கலாவதி மட்டும் சரியாக இல்லை. அன்று வீட்டில் சாம்பார் மூன்று முறை பொங்கி வழிந்தது. கெஸ்ட் ஹவுஸ் தோழி மானஸா, "என்னடி ஆச்சு உனக்கு" என்று கேட்டதற்கும் சிரித்து வைத்தாள். சிரிப்பது பழகிவிட்டிருந்தது.

ஜூன் மாதம் சுவரொட்டி வந்தது. டோனா அதைச் சாப்பாட்டு அறைச் சுவரில் மாட்டினார். அன்றுதான் ஃப்ராங்க்கும் கைத்தடியோடு வேலைக்குத் திரும்பினார். காபி எடுக்க வந்தவர் சுவரொட்டி முன்னால் நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். காபிக் கோப்பை சாய்ந்து, அவர் செருப்பில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

பிறகு பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். அவர்கள் பேசியதிலிருந்துதான் கலாவதிக்கு விஷயம் துண்டு துண்டாகப் புரிந்தது. 1994இல் உலகத் தொடர் நடக்கவே இல்லை. ஆகஸ்ட் மாதத்தில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் இறங்கி வரவில்லை. செப்டம்பரில் எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டார்கள். இரண்டு உலகப் போரிலும் நிற்காத தொடர். எண்பத்தொன்பதில் சான்ஃபிரான்சிஸ்கோ பூகம்பத்தில் ஸ்டேடியமே ஆடியும், பத்து நாள் கழித்து நடத்தி முடித்த தொடர். அது ஒரு சம்பளத் தகராறில் நின்றுபோனது.

எந்த ஆட்டத்தையும் எலி கடிக்கவில்லை. அவள் நிரல் எதையும் அழிக்கவில்லை. காலியாக இருந்ததே சரி. வேலைநிறுத்தம் என்றால் என்னவென்று அந்த அறையில் அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரிந்திருக்காது. சங்ககிரியில் வரிசையாக லாரிகள் நின்ற வாரங்களில்தான் அவள் வளர்ந்தாள். ஆனால் கோடீஸ்வர ஆட்டக்காரர்களும் அப்படி நிற்பார்கள் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

அடுத்த அதிர்ச்சி அதைவிடப் பெரியது. டோனா நேராக ஃப்ராங்க்கிடம் போனார். மாண்ட்ரியாலின் கோப்பையைப் பறித்துவிட்டார்கள் என்று ஃப்ராங்க் ஐந்து வருடமாக இந்த அறையிலேயே புலம்பிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் அதுதான் மிகச் சிறந்த அணி என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லுவாராம். பட்டியலும் அவருடையது. அவர் செய்த குறும்பு என்பதில் டோனாவுக்குச் சந்தேகமே இல்லை. தான் செய்யவில்லை என்றார் ஃப்ராங்க். டோனா நம்பவில்லை. நம்பாதது மட்டுமல்ல, முதல் தடவையாக நடக்காமல் ஒரே இடத்தில் நின்றார். இரண்டு மணிக்குத் தன் அறைக்கு வரச் சொன்னார். ஃப்ராங்க்குக்கு ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. இன்றோடு அது முடிந்தது என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள்.

கலாவதி வெளியே போய் வாஞ்சிநாதனுக்குப் போன் போட்டாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, வாயே திறக்காதே என்றார். அந்தக் கிழவனுக்கு இது சொந்த ஊர், ஏதோ ஒன்று கிடைக்கும். உனக்கு விசா போனால் அடுத்த ஃப்ளைட்தான் என்றார். அவர் சொன்னதில் தவறான தகவல் எதுவும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்தால் போதும், எல்லாம் தானாக நடந்துவிடும். தான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மூன்று மாதமாகச் செய்தது போலச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். இந்த யோசனை எவ்வளவு சுலபமாக வந்தது என்பதில் அவளுக்கே தன்மேல் திகைப்பு ஏற்பட்டது. படித்து வந்தது இதற்கா? அல்லது படித்தவர்கள் எல்லோரும் இப்படித்தானா?

இரண்டு மணிக்கு ஃப்ராங்க் உள்ளே போனார். இரண்டாவது நிமிடம் கலாவதி கதவைத் தட்டினாள்.

உட்காராமலேயே சொன்னாள். கட்டம் காலியாக இருந்தது, தன் நிரல் அழித்துவிட்டது என்று பயந்தாள், நகல் எடுத்து வைக்கவில்லை, அதிக வெற்றி பெற்ற அணியைப் போட்டாள். பிறகு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல், ரெஸ்யூமேயில் பாதி பொய் என்றும், தான் பெங்களூரில் வேலை பார்த்ததில்லை என்றும், பேஸ்பால் மட்டையைக்கூடத் தொட்டதில்லை என்றும் சொன்னாள்.

டோனாவின் வாய் திறந்தபடியே இருந்தது.

ஃப்ராங்க்தான் முதலில் பேசினார். நன்றி சொல்லவில்லை. முகம் சிவந்திருந்தது.

"அந்த வருடத்துக்கு நான் குறிப்புப் போடவில்லை. கை வரவில்லை. 'நடைபெறவில்லை' என்று அடித்தால் அதை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்" என்றார். டோனாவைப் பார்க்காமல் கைத்தடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பிறகு கலாவதியைப் பார்த்தார். "நீ ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் சொல்லியிருப்பேன்."

அன்று மாலையே கலாவதியின் ஒப்பந்தம் முடிந்தது. சுவரொட்டிகளைத் திரும்ப வரவழைத்தார்கள். ஃப்ராங்க்குக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை; வேலை தப்பியது. டோனா அவளை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். டெர்பிக்கு எழுதிய நிரலை அப்படியே வைத்துக்கொள்வதாக மட்டும் கடைசியில் சொன்னார்.

மறுநாள் வாஞ்சிநாதன் கத்திய கத்தலில் கீழே புடவைக் கடையிலிருந்து ஓர் ஆள் மேலே ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார். கத்தி முடித்ததும் புதிய தாள் ஒன்றை அவள் பக்கம் தள்ளினார். டெக்சாஸில் கேட்டி என்ற ஊர்; எண்ணெய்க் கம்பெனி; பத்து நிமிடத்தில் போன் இன்டர்வியூ. தாளில் கலாவதி மூன்று வருடமாக எண்ணெய்க் குழாய்களைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்பீக்கரில் டெக்சாஸ்காரரின் குரல் வந்தது. எண்ணெய்த் துறையில் எத்தனை வருட அனுபவம் என்று கேட்டார்.

ஒன்றும் இல்லை என்றாள் கலாவதி. அவரிடம் இருக்கும் தாள் தவறு, கோபால் மட்டும் நன்றாகத் தெரியும் என்றாள்.

டெக்சாஸ்காரர் மரியாதையாக நன்றி சொன்னார். லைன் துண்டிக்கப்பட்டது.

வாஞ்சிநாதன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் எதிரில் உட்கார்ந்து யாரும் இப்படிச் செய்ததில்லை. கத்துவதற்குக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"என்னம்மா பண்ணிட்ட?"

"தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னேனுங்க சார்."

"இப்படியே போனா யாரு எடுப்பான் உன்ன? அடுத்தது பிளசன்டன்னு ஒரு ஊரு. ஆஸ்பத்திரி பில்லிங். அங்கயும் தெரியாதுன்னுதான் சொல்லப் போறியா?"

"ஆமாங்க சார். தெரியாது, கேட்டுக் கத்துக்கறேன்னு சொல்லுவேன்."

"ஊருக்கு அனுப்பிடுவேன், தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

அவர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, வாய்க்குள் எதையோ திட்டிக்கொண்டே, பிளசன்டன் போன் நம்பரை ஒவ்வொன்றாக அழுத்த ஆரம்பித்தார்.